பாகுவில் தண்ணீர்

1880களில், இன்றைய அஜர்பைஜானின் தலைநகரான பாகுவின் தெருக்களில் புழுதி பறக்காமலிருக்க எண்ணெய் தெளித்தார்கள். மண்ணெண்ணெயை வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கறுப்புக் கசடு அது; மசூத் என்று பெயர். காஸ்பியன் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும், பாகு அமைந்த அப்ஷெரோன் தீபகற்பத்தில் வடக்கிலிருந்து ஹஸ்ரி, தெற்கிலிருந்து கிலாவார் என்று இரண்டு காற்றுகள் மாறிமாறி அடிக்கும். மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவுதான். தெருவில் தெளிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கவே காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. கசடோ கேட்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்க எண்ணெயில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெயாகத் தேறும். பாகு எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. மீதி அத்தனையும் மசூத். அதை அடுப்பிலும் கப்பலிலும் ரயில் எஞ்சினிலும் எரிக்கலாம் என்று எல்லோரும் கற்றுக்கொள்ளும்வரை குட்டை குட்டையாகத் தேங்கியது.

போய்வந்த ஐரோப்பியர்கள் இந்தத் தெருக்களை ஒரு விநோதமாக எழுதிவைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இருந்திராது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுத் தட்டைக் கூரைகளில் அவர்கள் பூசிவந்ததும் கீர் என்ற அந்த ஊர்த் தாரைத்தான்.

பாகுவின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைப் பற்றிக்கொண்டுதான் எழுதுவார்கள். ஒன்று, ஆகாயத்துக்கு எழும்பிய எண்ணெய் ஊற்றுகள். மற்றது, அந்தப் பணத்தில் எழும்பிய மாளிகைகள். இரண்டும் கண்ணைப் பறிப்பவை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊரில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், யார் யாருக்குக் கீழே இருந்தார்கள், பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க எண்ணெயைவிடத் தண்ணீரைப் பின்தொடர்வது மேல்.

எண்ணெய் அங்கே புதிதல்ல. மார்க்கோ போலோவே அந்தப் பக்கத்து எண்ணெயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: எரிக்க உதவும், தின்ன உதவாது, ஒட்டகத்தின் சொறிக்குத் தடவலாம். பாலகானி கிராமத்தில் கையால் தோண்டிய கிணறுகளில் ஆட்கள் இறங்கித் தோல்பைகளில் மொண்டு அனுப்பினார்கள். சுராகானியில் நிலத்துப் பிளவுகளிலிருந்து எரிவாயு தானாகவே எரிந்துகொண்டிருந்த இடத்தில், வட இந்தியாவிலிருந்து வந்த வணிகர்களும் துறவிகளும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒரு கோயிலே கட்டினார்கள். ஆதேஷ்கா என்ற அந்தக் கோயிலின் அறைவாசல்களில் தேவநாகரியிலும் குருமுகியிலும் பொறித்த கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. அக்கினிதான் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தோண்டி எடுத்ததில் பூமிக்கடியில் வாயு தீர்ந்துபோய் 1969இல் அணைந்துவிட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகளுக்காக எரிவது குழாயில் வரும் வாயு.

ரஷ்யர்கள் 1806இல் பாகுவைப் பிடித்தபோது அது கோட்டைச் சுவருக்குள் அடங்கிய சிறு துறைமுகம். மாகாணத் தலைநகரமாக இருந்த ஷமாகியை 1859இல் பூகம்பம் தரைமட்டமாக்கியதால்தான் அலுவலகங்கள் பாகுவுக்கு வந்தன. எண்ணெய்க் கிணறுகளைத் தனியொரு குத்தகைதாரரிடம் மொத்தமாக விட்டுவிடுவது அரசின் பழைய வழக்கம். நாலு வருஷத்தில் குத்தகை முடிந்துவிடும் என்றால் எவன் முதல் போடுவான்? 1872 கடைசியில் அந்த முறையை ஒழித்து நிலத்தை மனைமனையாக ஏலம் விட்டார்கள். சுமார் 5½ லட்சம் ரூபிள் என்று அரசு மதிப்பிட்டிருந்த மனைகள் ஏறக்குறைய 30 லட்சத்துக்குப் போயின.

அடுத்த வருஷமே பாலகானியில் ஒரு கிணறு பீறிட்டது. அடக்க ஆளில்லை, கருவியில்லை. சுற்றிலும் எண்ணெய் ஏரிகள் உண்டாயின. ஒரு பூத், அதாவது 16 கிலோவுக்குச் சற்று மேல், 45 கோபெக் விற்ற எண்ணெய் 2 கோபெக்குக்கு விழுந்தது. குடிதண்ணீர் எந்தக் காலத்திலும் அப்படி மலிந்ததில்லை.

அதே 1873இல்தான் ராபர்ட் நோபல் பாகுவில் வந்து இறங்கினார். தம்பி லுத்விக் ரஷ்யப் படைக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் ஒப்பந்தம் எடுத்திருந்தார். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம் பார்த்துவா என்று 25,000 ரூபிள் கொடுத்து அண்ணனைக் காக்கசஸுக்கு அனுப்பினார். அண்ணன் மரம் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் சிறிய சுத்திகரிப்பு ஆலை ஒன்றை வாங்கிப்போட்டார். குடும்பத்தில் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டிருப்பார்கள். ஆறு வருஷம் கழித்து பிரானோபல் நிறுவனம் பிறந்தது. இன்னொரு தம்பி ஆல்ஃபிரெட் பெயரில் இன்று வழங்கும் பரிசின் மூலதனத்தில் ஒரு பகுதி அந்த நிறுவனத்துப் பங்குகளிலிருந்து போனது.

கிணறுகள் பாலகானியில், ஆலைகள் நகரத்தின் கிழக்கோரத்தில். நடுவே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். ஆர்பா என்ற இரட்டைச் சக்கர வண்டிதான் போக்குவரத்து. ஆளை மிஞ்சிய உயரத்தில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பீப்பாய், அச்சுக்குக் கீழே தொங்கவிட்ட இன்னொரு பீப்பாய். மழை பெய்தால் சேற்றில் நிற்கும். வெயிலடித்தால் பீப்பாய் இடுக்கில் ஒழுகும். வண்டிக்காரர்கள் கேட்டதுதான் கூலி. எண்ணெய் விலை அடிமட்டத்தில் கிடந்த நாட்களில் சரக்கைவிட வண்டிக்கூலி கூடுதலாக இருந்தது. லுத்விக் நோபல் 1878இல் ஒரு குழாய் பதித்தார். அதோடு கூலிக் கணக்கே மாறிப்போனது. வண்டிக்காரர்களும் பீப்பாய் செய்கிற தச்சர்களும் சும்மா இருக்கவில்லை, இரவில் போய்க் குழாயை உடைத்தார்கள். வழிநெடுகக் காவல் கோபுரம் கட்டி ஆள் போட வேண்டியதாயிற்று. நிறுவன வரலாறுகளில் இந்த வண்டிக்காரர்கள் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்ற முரடர்களாக ஒரு வரியில் வந்து போவார்கள். ஒரு குழாயால் ஒரே பருவத்தில் பிழைப்பை இழந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? எண்ணெய்க்கு இத்தனை சுறுசுறுப்பாகக் குழாய் வந்த அந்த ஊரில் குடிதண்ணீர்க் குழாய் வர இன்னும் 39 வருஷம் பிடித்தது.

குழாய் வந்தும் கைவேலை ஒழியவில்லை. பாகு எண்ணெயில் மணல் அதிகம். பம்பு போட்டால் தேய்ந்து நின்றுவிடும். ஆகவே வாளிதான். வாளி என்றால் ஷெலோன்கா என்ற நீளமான இரும்புக் குழல். அடியில் ஒரு மூடி. உருளையில் சுற்றிய கயிற்றில் அதைக் கிணற்றுக்குள் விட்டால், தரை தட்டியதும் மூடி திறந்து எண்ணெய் ஏறும். மேலே இழுக்கும்போது எண்ணெயின் எடையே மூடியை அடைத்துவிடும். உருளையின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தர்த்தால்ஷிக். வாளி எப்போது அடிதொட்டது, எப்போது மேல்வாய்க்கு வரப்போகிறது என்பதைக் கயிற்றின் அதிர்விலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கணம் அசந்தால் வாளி கோபுர உச்சியில் போய் மோதும், கயிறு அறும், கிணறு அடைபடும். இறக்கு, ஏற்று, கவிழ், இறக்கு. பலகை அடைத்த மரக்கோபுரத்துக்குள் வாயு நெடியில், 12 மணிநேர முறையில், இரவும் பகலும். பாகு உலகத்துக்குக் கொடுத்த எண்ணெயில் பெரும்பகுதி இந்தப் பிரேக்கைப் பிடித்த கைகளின் வழியாக வந்ததுதான். 1920களில் ஆழ்கிணற்றுப் பம்புகள் பரவியபோது இந்த வேலையே மறைந்துபோனது.

ஊற்று பீறிட்டால் அதிர்ஷ்டம் என்று நினைப்பதும் வெளியூர்க்காரர் நினைப்பு. துருஷ்பா என்ற கிணறு 1883இல் பொங்கியது. 200 அடிக்கு மேல் எழும்பிய எண்ணெய், கூடவே வாரி இறைத்த மணல். அக்கம்பக்கத்துக் கொட்டகைகள் மணலில் புதைந்தன. பக்கத்துக் கிணறுகளை எண்ணெய் மூழ்கடித்தது. பிடித்துவைக்கத் தொட்டியில்லாமல் ஓடியதில் பெரும்பகுதி வீண். கடைசியில் அண்டைக்காரர்கள் கேட்ட நஷ்டஈட்டில் அந்தக் கம்பெனியே நொடித்துப்போனது. அப்போது அங்கே இருந்த சார்லஸ் மார்வின் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பீபி-ஹெய்பத் என்ற எண்ணெய் வயலில் 1886இல் தாகியேவ் என்ற முதலாளியின் கிணறு பொங்கியபோது, காற்று அந்தத் தூவலை நகரத்துக்குள்ளேயே கொண்டுவந்து வீடுகள்மேல் இறைத்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? அப்ஷெரோன் கிராமங்களில் ஓவ்தான் என்ற படியிறங்கும் நிலத்தடித் தொட்டிகள் உண்டு. பழைய நகரத்தில் சில கிணறுகள்; பெரும்பாலும் உவர்ப்பு. பதினைந்தாயிரம் பேர் இருந்தவரை எப்படியோ ஓடியது. 1897 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,12,000ஐ எட்டிவிட்டது. குரா ஆற்றுத் தண்ணீரைப் படகில் ஏற்றிக் கடல்வழியாகக் கொண்டுவந்து விற்றார்கள். கடல்நீரைக் காய்ச்சி வடித்தும் விற்றார்கள். எண்ணெயை எரித்துத் தண்ணீர் வடித்த ஊர் அது. தெருவில் பீப்பாய் வண்டியும் தோள்சுமையுமாகத் தண்ணீர்க்காரர்கள் வந்தார்கள். கோடையில் லாரிக்காகக் குடம் வரிசைபோட்டுப் பழகிய சென்னைக்காரருக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. அங்கே எல்லா மாதமும் கோடை.

இதில் நோபல்கள் செய்துகொண்ட ஏற்பாடு தனி. எண்ணெயை நேராக வயிற்றில் ஏற்றிச்செல்லும் ‘ஸொரோவாஸ்டர்’ என்ற கப்பலை லுத்விக் 1878இல் ஸ்வீடனில் கட்டுவித்தார். அதன் பிறகு ஒரு கப்பற்படையே சேர்ந்தது. வோல்கா முகத்துவாரத்தில் எண்ணெயை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கப்பல்களில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தண்ணீரில் வளர்ந்ததுதான் வில்லா பெட்ரோலியா. கறுப்பு நகரம் என்ற ஆலைப் பகுதியின் ஓரத்தில், ஸ்வீடிஷ் பொறியாளர்களும் அதிகாரிகளும் குடியிருக்கக் கட்டிய தோட்டக் குடியிருப்பு. வெளியூரிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மரம் நட்டார்கள். நூலகம், பில்லியர்ட்ஸ் அறை, தொலைபேசி எல்லாம் இருந்தன. வேலிக்கு அப்பால் ஏறத்தாழ 200 ஆலைகளின் புகைபோக்கிகள். கறுப்பு நகரம் என்ற பெயர் ஏளனப் பெயரல்ல, அதுதான் முகவரி. வானம் கறுப்பு, சுவர் கறுப்பு, கரைக்கு வந்த அலையும் கறுப்பு.

நோபல்களைக் குறைசொல்லவும் முடியாது. மற்ற முதலாளிகளோடு ஒப்பிட்டால் வீடு, பள்ளி, மருத்துவம் என்று தொழிலாளிகளுக்கு ஏதோ செய்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒரு நகரத்தில் யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று பார்த்தாலே அவர் என்ன வேலை செய்கிறார், எந்த மொழி பேசுகிறார் என்பது தெரிந்துவிடுகிற நிலைமை அது. பொறியாளர்கள் ஸ்வீடன்காரர்களும் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களும். நுட்ப வேலைகளிலும் வியாபாரத்திலும் ஆர்மீனியர்கள், யூதர்கள். உள்ளூர்த் துருக்கிய முஸ்லிம்களை, அதாவது இன்றைய அஜர்பைஜானியரை, ரஷ்யர்கள் தாத்தார் என்று அழைத்தார்கள். எல்லோருக்கும் கீழே ஈரானின் தப்ரீஸ், அர்தபீல் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்த ஹம்ஷஹரிகள். கிணறு வெட்டு, எண்ணெய்க் குழி துப்புரவு, துறைமுகச் சுமை என்று வேறெவரும் தொடாத வேலைகள் அவர்களுக்கு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பாலகானியிலும் சபூஞ்சியிலும் நெருக்கியடித்த கொட்டகைகளில் கிடந்தார்கள்.

1892 ஜூனில் காலரா வந்தது. நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலிலும் கப்பலிலும் ஓடினார்கள். நோயும் கூடவே ரஷ்யாவுக்குள் போனது. அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. பாகுவிலிருந்து ரயிலில் கருங்கடல் துறைமுகமான பத்தூமிக்குப் போன மண்ணெண்ணெயை நிரப்பிக்கொண்டு, மார்கஸ் சாமுவேலின் ‘மியூரெக்ஸ்’ கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போன சரக்கு அது. பிற்பாடு ஷெல் கம்பெனியாக வளர்ந்த வியாபாரம். அந்தப் பத்தாண்டில் இந்தியாவில் விற்ற மண்ணெண்ணெயிலும் ரஷ்யச் சரக்கு கணிசமாக இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணை விளக்கு எதிலாவது பாலகானி எண்ணெய் எரிந்திருக்கவும் கூடும். பாகுவின் எண்ணெய் பாங்காக் வரைக்கும் போகத் தெரிந்துகொண்ட அதே வருஷம், பாகுவில் ஒரு குவளை நல்ல தண்ணீர் உத்தரவாதமில்லை.

புதுப் பணக்காரர்கள் பெரும்பாலும் அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள். மூசா நாகியேவ் சுமைகூலியாகத் தொடங்கியவர், நகரத்தில் வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டி வாடகைக்கு விட்டவர், கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். ஊரில் அப்போது கோச்சுகளின் ராஜ்யம். கோச்சு என்றால் துப்பாக்கி வைத்திருக்கும் தெருச் சண்டியர். நாகியேவைக் கடத்திக்கொண்டுபோய் பத்தாயிரம் கேட்டார்களாம். ஆயிரம்தான் தருவேன், இல்லையென்றால் கொன்றுவிடுங்கள், பிறகு அதுவும் கிடைக்காது என்றாராம் அவர். ஊர் சொல்லும் கதை இது. ஆனால் மகன் இஸ்மாயில் இளம் வயதில் இறந்ததும், அவன் நினைவாக வெனிஸ் பாணியில் இஸ்மாயிலியா என்ற மாளிகையைக் கட்டி முஸ்லிம் தர்ம சங்கத்துக்குக் கொடுத்ததும் அதே மனிதர்தான். அவருடைய பேத்தி பானின், பாரிஸில் குடியேறி 1945இல் பிரெஞ்சில் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் இந்தக் குடும்பங்களின் பணத்தையும் சச்சரவுகளையும் போட்டு உடைத்திருக்கிறார்.

ஹாஜி ஜெய்னலாப்தீன் தாகியேவ் வேறு ரகம். செருப்புத் தைப்பவரின் மகன், சிறுவயதிலேயே கொத்துவேலைக்குப் போனவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பீபி-ஹெய்பத்தில் கூட்டாளிகளோடு நிலம் எடுத்துத் தோண்டினார், எண்ணெய் வரவில்லை, கூட்டாளிகள் பங்கை இவரிடமே விற்றுவிட்டு விலகினார்கள், பிறகு வந்தது. 1897இல் எண்ணெய்த் தொழிலை ஆங்கிலேயர்களுக்கு 50 லட்சம் ரூபிளுக்கு விற்றுவிட்டுத் துணி ஆலை தொடங்கினார். பணத்தை அவர் போட்ட இடங்களைப் பார்த்தால் ஆள் புரியும். 1883இல் ஒரு நாடகக் கொட்டகை. 1901இல் முஸ்லிம் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளுக்கு மதம் சாராத படிப்பா என்று முல்லாக்கள் கொதித்தார்கள். அவர் நேரடியாக வாதம் செய்யவில்லை. ரஷ்யப் பேரரசிக்கு மனுப்போட்டு அந்த அம்மாளின் பெயரையே பள்ளிக்கு வைத்தார். புனிதத் தலங்களுக்கு ஆளனுப்பி, பெரிய மார்க்க அறிஞர்களிடமிருந்து பெண்கல்விக்குத் தடையில்லை என்று எழுதி வாங்கிவந்து உள்ளூர் முல்லாக்கள் முன் வைத்தார். வியாபாரி வேலை! பள்ளியின் முதல் தலைமையாசிரியை ஹனீபா மாலிகோவா.

அந்தக் கொட்டகையில்தான் 1908 ஜனவரியில் உசேயிர் ஹாஜிபேயோவின் ‘லெய்லியும் மஜ்னூனும்’ அரங்கேறியது. முகாம் என்ற மரபிசையை மேலைநாட்டு ஆப்பெராவோடு சேர்த்துக் கட்டிய முதல் முயற்சி. ஹாஜிபேயோவுக்கு அப்போது 22 வயது. மேடையேற முஸ்லிம் பெண் எவரும் கிடைக்காததால் லெய்லியாக ஓர் ஆண்தான் நடித்தார். மஜ்னூனாகப் பாடிய ஹுசேன்குலி சராப்ஸ்கி பிற்காலத்தில் ‘பழைய பாகு’ என்று ஒரு புத்தகம் எழுதினார். விளையாட்டு, கல்யாணம், சந்தை, கடைத்தெரு என்று எண்ணெய் வரலாறுகள் கண்டுகொள்ளாத ஊரெல்லாம் அதில் கிடைக்கிறது.

இப்படிப் பள்ளியும் பாட்டும் ஒருபுறம். மறுபுறம், 1904 டிசம்பரில் தொழிலாளிகள் பெரிய வேலைநிறுத்தம் செய்து ரஷ்யப் பேரரசிலேயே முதலாவதான கூட்டு ஒப்பந்தத்தை முதலாளிகளிடம் எழுதி வாங்கினார்கள். மசூத் அரசியல் சட்டம் என்று அதற்கு ஊரார் பெயர் வைத்தார்கள். இரண்டே மாதத்தில், 1905 பிப்ரவரியில், ஆர்மீனியர்களும் முஸ்லிம்களும் தெருவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கோடை முடிவில் மறுபடி மூண்டபோது எண்ணெய் வயல்களே எரிந்தன. பாதிக்கு மேற்பட்ட கோபுரங்கள் சாம்பலாயின. 1901 வாக்கில் உலக எண்ணெயில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்த ஊர் அந்த இடத்துக்கு மறுபடி வரவேயில்லை. ஒரே கிணற்றில் வேலைசெய்தவர்களுக்கு இடையே கூலி, மொழி, குடியிருப்பு என்று எல்லாமே பிரிந்துகிடந்தன. ஜார் அரசின் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்பதும் அன்றே எழுந்த குற்றச்சாட்டு.

நகரசபையில் தண்ணீர் விவாதம் வருஷக்கணக்கில் நடந்தது. குராவிலிருந்தா, சமூர் ஆற்றிலிருந்தா, கடலிலிருந்தா? கடைசியில் பிராங்க்பர்ட், வார்சா நகரங்களின் குடிநீர், சாக்கடைத் திட்டங்களில் பேரெடுத்த வில்லியம் ஹீர்லைன் லிண்ட்லியை அழைத்தார்கள். ஆய்வுக்கே இவ்வளவு செலவா என்று சபை இழுத்தடித்தபோது தாகியேவ் தன் கையிலிருந்து பணம் தர முன்வந்தார். வடக்கே காக்கசஸ் மலையடிவாரத்தில் ஷோல்லர் என்ற கிராமத்து ஊற்றுகளைத்தான் லிண்ட்லி தேர்ந்தார். ஆற்றுத் தண்ணீரைப் போலக் கலங்காது. மலைப்பாறைகளுக்கு அடியில் வடிகட்டி வருவது. 170 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்கடியில் கால்வாய் கட்டவேண்டும். அந்த வறண்ட கரையில் அப்படியொரு வேலையை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. உலகப்போர் நடுவில் வந்தும் வேலை நிற்கவில்லை.

1917இல் ஷோல்லர் தண்ணீர் பாகுவுக்கு வந்து சேர்ந்தது. ஜார் ஆட்சி கவிழ்ந்த வருஷம். லிண்ட்லி அந்த வருஷக் கடைசியில் லண்டனில் இறந்தார். நகரத்துக்குத் தண்ணீரை அனுபவிக்க நேரமில்லை: 1918 மார்ச்சிலும் செப்டம்பரிலும் படுகொலைகள், 1920 ஏப்ரல் 28 அன்று செஞ்சேனை. இன்னொரு எண்ணெய் முதலாளியான முர்துஸா முக்தாரோவ் தன் பிரெஞ்சு பாணி மாளிகைக்குள் நுழைந்த சிப்பாய்களைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். அந்த மாளிகை இப்போது கல்யாணங்கள் பதிவுசெய்யும் இடம். தாகியேவை மட்டும் கொஞ்சம் மரியாதையாக நடத்தினார்கள். மாளிகை போயிற்று, ஆலை போயிற்று. மார்தகான் கிராமத்துத் தோட்டவீட்டில் இருக்கவிட்டார்கள். 1924இல் அங்கேயே இறந்தார். அதன் பிறகு மனைவி சோனாவை அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். கடைசிக்காலத்தில் அந்த அம்மாள் தெருவில் வறுமையில் செத்தார். தாகியேவ் மாளிகை இன்று தேசிய வரலாற்று அருங்காட்சியகம்.

ஷோல்லர் கால்வாய் ஆட்சிகளைப் பொருட்படுத்தவில்லை. சோவியத் காலம் முழுக்க ஓடியது. இன்றும் பாகுவில் ஷோல்லர் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்றுதான் அர்த்தம். எண்ணெய்க் கோடீஸ்வரர்கள் காலத்தில் செய்தவற்றில் நூறு வருஷம் தாண்டி அன்றாடம் பயன்படுகிற பொருள் எது என்று கேட்டால், மாளிகைகளைக் காட்டுவதற்கு முன் இந்தக் கால்வாயைத்தான் காட்டவேண்டும். கட்டடக்கலைப் புத்தகங்களில் இதற்குப் படம் கிடையாது. பூமிக்கடியில் இருப்பதைப் படமெடுப்பது கஷ்டம்.

நூறாண்டுக்குப் பிறகு இரண்டாவது எண்ணெய்க் காலம் வந்தது. 2005, 2006இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய பாகு-திபிலிசி-ஜெய்ஹான் குழாயின் நீளம் 1,768 கிலோமீட்டர். மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. 2012இல் யூரோவிஷன் பாட்டுப்போட்டி நடந்தபோது தீச்சுடர் வடிவில் மூன்று கோபுரங்கள் நகரத்தின் அடையாளமாகிவிட்டிருந்தன. கறுப்பு நகரத்தை இடித்து, நூறாண்டு எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி அகற்றி, வெள்ளை நகரம் என்று ஒரு புதுக் குடியிருப்பைக் கட்டிவருகிறார்கள். வில்லா பெட்ரோலியாவைப் புதுப்பித்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடே பாகுவில் கூடியது. எண்ணெய் ஊரிலா என்று உலகப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. மாநாடு நடந்த நாட்களில் வந்தவர்கள் பார்த்த காஸ்பியன் கரை, தாகியேவ் காலத்துக் கரை இருந்த இடத்தில் இல்லை. 1990களின் நடுவிலிருந்து கடல் மட்டம் இறங்கிக்கொண்டேயிருக்கிறது.

ஊர் பெருத்துவிட்டதால் ஷோல்லர் போதவில்லை. ஓகுஸ், கபலா மலைப்பகுதியிலிருந்து 262 கிலோமீட்டருக்கு இன்னொரு தண்ணீர்க் குழாய் போட்டார்கள். 2010 டிசம்பரில் திறந்தது. அந்தச் செலவை அரசு எண்ணெய் நிதியம் கொடுத்தது. இந்த முறை எந்தச் செருப்புத் தைப்பவரின் மகனிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.